குழந்தைக்குக் கட்டில் வாங்கப் போகிறீர்களா?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வந்திருக்கும் வாசகி ஒருவர், "குழந்தைக்குத் தூளி போதுமா, இல்லை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற மாதிரி பேபி காட் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல சமயத்தில் கேட்டார். ஏனென்றால் போன ஆறு மாதமாக எங்கள் குடும்பத்தில் இதே பேச்சுத்தான். என் அக்கா பெண்ணுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கட்டிலுக்காக நானும் அக்காவும் புதுக்கோட்டையில் ஏறி இறங்காத மரக்கடை இல்லை. காரைக்குடி வரைக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

"பிறக்கிறதுக்கு முன்னாலே தொட்டில், கட்டில் எதுவும் வீட்டுக்குள்ளே வரக் கூடாது" என்று அக்காவின் மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. இதை எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. முன்கூட்டியே போய்ப் பார்த்து, அளந்து, முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். சாமான் கடையிலேயே இருக்கட்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. புதிதாக வார்னிஷ் அடித்த மரம் மூன்று நாலு வாரம் காற்றாட நின்றால்தான் அந்த நெடி போகும். பிறந்த பிறகு அவசரத்தில் ஓடினால் கடைக்காரர் காட்டியதுதான் கட்டில், சொன்னதுதான் விலை.

முதலில் தூளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் அம்மாவின் பழைய நூல் சேலைத் தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். காசு செலவில்லை, காற்று போகும், துவைத்துப் போட்டால் தீர்ந்தது. அழுகிற குழந்தையை அமர்த்த அதைப் போல வேறொன்றும் கிடையாது. ஆனால் தூளியின் அடிப்பகுதி வளைந்து இருக்கிறதே, அதுதான் சின்னஞ்சிறு குழந்தைக்குத் தொந்தரவு. முதல் சில மாதங்களில் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. வளைந்த துணியில் கிடக்கும்போது தலை முன்னால் சாய்ந்து, தாடை நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழல் மடங்கின ரப்பர் குழாய் மாதிரி நெருக்கப்படும். பெரியவர்கள் என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வோம். அதற்குத் தலையைத் தூக்கத் தெரியாதே! எடை குறைந்த குழந்தை, நாள் முந்திப் பிறந்த குழந்தை என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

எங்கள் வீட்டில் இது வெறும் பேச்சாக இல்லை. அக்கா பெண்ணுக்கு நாலு வாரம் முந்தியே வலி எடுத்துவிட்டது. குழந்தை 2 கிலோ 100 கிராம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டரம்மா, "தூங்க வைப்பது சமமான இடத்தில், மல்லாக்க. தூளியில் தூங்க விடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் பாட்டியம்மா உத்தரத்துக் கொக்கியில் சேலையைக் கட்டி, மஞ்சள் தடவித் தயாராக வைத்திருக்கிறார்கள்! எழுபத்தெட்டு வயசு. ஆறு பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். "இந்தத் தூளியிலேதான் உன் வீட்டுக்காரனையும் போட்டேன், அவன் என்ன குறைஞ்சா போயிட்டான்?" என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்க்கிறாள்.

நான் பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் தாடையை நெஞ்சில் அழுத்திக் காட்டி, "அத்தை, நீங்களும் இப்படி வைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுங்கள் பார்ப்போம்" என்றேன். விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் அவர்களே சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார்கள். குழந்தைக்கு எடை ஏறி, கழுத்து நன்றாக நின்ற பிறகு, பகலில் பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிற நேரத்துக்கு மட்டும் தூளி என்று ஒப்பந்தம் ஆயிற்று. கண் அசந்தால் எடுத்துச் சமமான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும்.

தூளி கட்டுகிறவர்கள் இன்னும் இரண்டு சங்கதி கவனிக்க வேண்டும். ஒன்று, கொக்கி. மின்விசிறிக்காகப் போட்ட கொக்கியில் தூளி கட்டாதீர்கள். தூளிக்கென்று கூரைக் கம்பியோடு சேர்த்துப் போட்ட கொக்கி என்றாலும், 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்க விட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் போட வேண்டும். ஸ்பிரிங் தொட்டில் என்றால் ஸ்பிரிங்குக்கு உள்ளே அல்லது கூடவே ஒரு சங்கிலி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் சங்கிலி தாங்கும். சங்கிலி இல்லாத ஸ்பிரிங்கைக் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அதற்குத் துணி உறையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் விரல் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவதைச் சொல்லவே மனசு நடுங்குகிறது. வெறும் தூளியில் பெரிய பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கிவிட்டு, அது தானாக அவிழ்ந்து சுழலும்போது அவர்களுக்கு ஒரே குஷி. அப்படி முறுக்கும்போது சேலை கழுத்தில் இறுகிப் பிள்ளைகள் இறந்துபோன செய்தியை நம் ஊர்ப் பேப்பர்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஆறு வயசு, எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைகள். அம்மா சமையலறையில் இருந்திருப்பாள்; சத்தமே கேட்காது. வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது எதற்காக ஏற்பட்டதோ தெரியாது, இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. குழந்தையை எடுத்தவுடன் சேலையை மேலே தூக்கி முடிந்து விடுங்கள். இன்னும் நல்லது, அவிழ்த்தே வைத்துவிடுவது. அக்காவின் பேரன் ஒருவன் வாலுப் பையன். அவனுக்காகவே எங்கள் வீட்டில் இது சட்டம்.

சரி, கட்டிலுக்கு வருவோம்.

கட்டில் பார்க்கப் போகும்போது பணப்பையை எடுக்கிறீர்களோ இல்லையோ, தையல் பெட்டியிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அந்த அட்டை படுக்கைவாட்டில் தாராளமாக நுழைந்து ஆடினால் அந்தக் கட்டில் நமக்கு வேண்டாம். காரணம் கேளுங்கள். குழந்தைக்கு உடம்பை விடத் தலைதான் பெரிசு. இடைவெளி அகலமாக இருந்தால் கால் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பு வழுக்கி வெளியே போகும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மீதியை நான் எழுத வேண்டாம். அமெரிக்காவில் 1970-களிலேயே இதை அளந்து, 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நம் கடைகளில் அளவைக் கேட்டால், "அதெல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தாங்க" என்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அளக்காமல் வராதீர்கள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன அல்லவா? பர்மாத் தேக்கில், கடைசல் கம்பிகளோடு, தலைமாட்டில் கிளி செதுக்கிய குழந்தைக் கட்டில் ஒன்றைப் பார்த்தவுடன் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. விலை 38,000 சொன்னார்கள். நான் டேப்பை வைத்தேன். கம்பிக்குக் கம்பி மூன்றரை அங்குலம், அதாவது 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மூலையிலும் கோபுரக் கலசம் மாதிரிக் குமிழ். குமிழ் இருந்தால் என்ன என்பீர்கள். நம் குழந்தைகளுக்குக் கழுத்தில் கறுப்புக் கயிறு, டாலர் சங்கிலி என்று ஏதாவது ஒன்று போட்டிருப்போம். எழுந்து நிற்கிற வயசில் அது குமிழில் மாட்டினால் குழந்தை தொங்கிவிடும். மூலைக்கால் மேல்சட்டத்தோடு சமமாக முடிந்திருக்க வேண்டும். (தூங்கப் போடும்போது கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிடுவதுதான் எப்போதும் நல்லது. திருஷ்டிக்குக் கன்னத்தில் மையே போதுமே!)

இன்னொன்று, பழைய கட்டிலின் பெயிண்ட். பல் முளைக்கிற சமயத்தில் குழந்தை மேல்சட்டத்தை எலி மாதிரிக் கொறிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் வண்ணம் அடித்த கட்டிலை யார் சும்மா கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள். வீட்டிலேயே சுரண்டிப் புதுசு அடிக்கலாம் என்று உப்புத்தாளைத் தேய்த்தால் அந்தத் தூளே விஷம்.

பழைய கட்டிலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கம்பி அளவு சரியாக இருந்து, ஆட்டம் இல்லாமல், எல்லாத் திருகாணியும் இருந்தால் சொந்தக்காரர் வீட்டுக் கட்டிலைப் போல லாபம் வேறு எது? இரண்டு இரண்டரை வருஷத்துக்கு மேல் யாரும் அதில் படுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு ரகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். பக்கவாட்டு அழி முழுவதும் மேலும் கீழும் இறங்கி ஏறுமே, அந்த ரகம். அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில், வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது, ஒன்று கொடுத்தார்கள். குனியாமல் குழந்தையை எடுக்க வசதிதான். ஆனால் அந்தக் கொக்கி தேய்ந்தாலோ ஒரு பக்கம் கழன்றாலோ, அழிக்கும் மெத்தைக்கும் நடுவே சந்து விழுந்து குழந்தை அதில் சரிந்துவிடும். அமெரிக்காவில் அப்படி 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2011 ஜூன் மாதத்திலிருந்து அந்த மாதிரிக் கட்டிலை விற்கவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு மாமியிடம் பக்குவமாகச் சொல்லி, அவர்கள் கொடுத்த குழந்தைச் சட்டைகளை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

இதற்கு நடுவே சம்பந்தி வீட்டுப் பேச்சு வேறு. குழந்தையைக் கொண்டு விடும்போது கட்டிலோடு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால், "எங்க தங்கச்சி பேத்திக்குத் தேக்கிலே செதுக்கின கட்டில் வந்தது, தெருவே பார்த்தது" என்று போனில் இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு இது போதாதா? அத்தான் ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகிறது. பிரசவச் செலவே எதிர்பார்த்ததற்கு மேல். "சங்கிலியை வைச்சாவது வாங்கிடணும்டி, பொண்ணு தலை குனியக் கூடாது" என்று ராத்திரி என்னிடம் அழுதாள்.

நான் அவள் பெண்ணைக் கேட்டேன். அவள் சிரித்தாள். "சித்தி, மெட்ராஸிலே எங்க ரூம் எவ்வளவு தெரியுமா? கட்டிலும் பீரோவும் போக மூணடி அகலம்தான் இருக்கு. தேக்குக் கட்டிலை மொட்டை மாடியிலேதான் போடணும். அதுவும் மூணு மாடி ஏத்தணும்" என்றாள். சீர் கொடுக்கிற சகோதரிகளே, கட்டில் போய் நிற்கப் போகிற அறையின் அளவை முதலில் கேளுங்கள்! வாசல் நிலையின் அகலத்தையும் கேளுங்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பீரோ மாடிப்படி திரும்பாமல் வராந்தாவிலேயே நின்ற கதை எத்தனை வீட்டில் இருக்கிறது!

அடுத்த நாள் நானே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். "அண்ணி, ரூமுக்குத் தக்கபடி, கழற்றி மாட்டுகிற மாதிரி, குழந்தைக்குப் பத்திரமாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறோம். செதுக்கு வேலை இருக்காது" என்று நேராகவே சொன்னேன். "குழந்தை நல்லாத் தூங்கினா சரி" என்றார்கள். குரலில் கொஞ்சம் சுரத்து குறைந்துதான் இருந்தது. இருக்கட்டும்.

கடைகளில் பார்த்ததில் புதுக் கட்டில்கள் மூன்று தினுசு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வழவழவென்று வெள்ளை வண்ணம் அடித்தது 7,000 ரூபாயிலிருந்து கிடைத்தது. பார்க்க லட்சணம்; ஆனால் குழந்தை நனைக்காமல் இருக்குமா? ஈரம் பட்டால் அந்தப் பலகை உப்பிவிடும், திருகாணி பிடிக்காது. ரப்பர் மரத்தில் செய்தது 12,000-லிருந்து 16,000 வரை. இதில் நல்லவை இருக்கின்றன, ஒன்று கம்பி அளவிலும் சரியாக இருந்தது. இரும்புக் குழாயில் செய்தது மலிவு. ஆனால் நான் பார்த்தவற்றில் பற்றவைத்த இடங்கள் கையைக் கீறின. ஒரு கைக்குட்டையை எடுத்து எல்லா மூலையிலும் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கினால் குழந்தையின் தோலும் சிக்கும். வாங்குவதற்கு முன் மேல்சட்டத்தைப் பிடித்து வெண்டைக்காய் முனை ஒடிக்கிற மாதிரி மெதுவாக இல்லை, நன்றாக உலுக்கிப் பாருங்கள். கிறீச்சென்றால் வேண்டாம்.

கடைசியில் எங்கள் தெருக்கோடி ஆசாரியிடமே கொடுத்தோம். பழைய வீட்டு நிலையிலிருந்து எடுத்த வேப்பமரச் சட்டங்கள் அவரிடம் இருந்தன. நன்றாக உலர்ந்த மரம். உள்ளளவு 4 அடி நீளம், 2 அடி அகலம். கம்பி முக்கால் அங்குலக் கனம். ஆசாரி, "நீளப் பக்கத்துக்கு 12 கம்பி போட்டா லட்சணமா இருக்கும் தங்கச்சி" என்றார். நான் அங்கேயே சாக்பீஸால் பலகையில் கணக்குப் போட்டேன். 48 அங்குலத்தில் 12 கம்பியின் கனம் 9 அங்குலம் போக மீதி 39. இடைவெளிகள் 13. ஆக ஒரு சந்து 3 அங்குலம், ஏழரை சென்டிமீட்டர்! 16 கம்பி போட்டால் 36 அங்குலத்தை 17-ஆல் வகுக்க, இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஐந்தரை சென்டிமீட்டருக்குள். அகலப் பக்கத்துக்கு 8 கம்பி போட்டால் சரியாக 2 அங்குலம். மொத்தம் 48 கம்பி. "கடைசல் கூலி ஏறுமே" என்றார். ஏறட்டும் அண்ணே, செதுக்குக் கூலி மிச்சம்தானே என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். இந்தக் கணக்கை ஆசாரியிடம் கொடுக்கப் போகிறவர்கள் அப்படியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரியிடம் இன்னும் சொல்ல வேண்டியவை இருந்தன. கம்பிகள் எல்லாம் நெட்டாகவே இருக்க வேண்டும்; குறுக்குச் சட்டம் நடுவில் வந்தால் அதில் கால் வைத்து ஏறிவிடும். அடிப்பலகையை இரண்டு உயரத்தில் மாட்டத் துளை வேண்டும். கீழ்த்துளையில் மாட்டினால் மெத்தைக்கு மேலே அழியின் உயரம் குறைந்தது 50 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அடிப்பலகை முழுப்பலகையாக இல்லாமல் பட்டைப் பட்டையாக, நெருக்கமாக, காற்று போகிற மாதிரி. ஆணி கூடாது, மரைபோட்ட போல்ட்டும் நட்டும்தான். சக்கரம் போட்டால் இரண்டுக்காவது பூட்டு. எல்லாம் சேர்த்து, பாலிஷ் உட்பட 11,500 ஆயிற்று. அக்காவின் சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது.

மெத்தை தனிச் செலவு, அதைக் கட்டிலோடு கொடுக்கிற இலவசம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். நம் வீட்டு இலவம் பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம். குழந்தைக்கு அந்தப் புதைவுதான் ஆபத்து. கவிழ்ந்தால் முகம் புதையும்; திருப்பத் தெரியாது. கெட்டியான தேங்காய்நார் மெத்தை, 4 அங்குலக் கனம் போதும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் உடனே நிமிர வேண்டும், கைத்தடம் நிற்கக் கூடாது. கட்டிலுக்குள் வைத்தபின் மெத்தைக்கும் அழிக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. சந்து இருந்தால் துணியைச் சுருட்டி அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சரியான அளவில் மெத்தையைத் தைக்கக் கொடுங்கள். மேலே ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் நாலு மூலையும் இறுக்கி மாட்டுகிற பருத்தி விரிப்பு. அவ்வளவுதான் படுக்கை.

"தலையணை இல்லாமலா?" என்று பாட்டியம்மா கேட்டார்கள். கடுகுத் தலையணை வைத்தால் தலை உருண்டையாக வரும் என்பது அவர்கள் கட்சி. ஒரு வயசு வரைக்கும் தலையணையே வேண்டாம். அழியைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் திண்டு, கரடி பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். கடைக்காரர் கட்டிலோடு "முழு செட்" என்று தள்ளப் பார்ப்பார்; அந்த 2,000 ரூபாயை மெத்தையில் போடுங்கள். தலை தட்டையாகாமல் இருக்க, குழந்தை விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் கழுத்தும் பலப்படும். தூங்கும்போது மல்லாக்கத்தான். பால் கக்கினால் புரையேறுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு மல்லாக்கப் படுப்பதால் புரையேறுவதில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் "குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்தார்கள். அதன் பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அந்த நாடுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு பைசா செலவில்லாத வைத்தியம்.

கட்டிலை எங்கே போடுவது? அம்மா படுக்கிற அறையிலேயே, கை எட்டுகிற தூரத்தில். முதல் ஆறு மாதமாவது அப்படி இருப்பது நல்லது. தனி அறை, பொம்மை ஒட்டின சுவர் எல்லாம் சினிமாவில் பார்க்கத்தான். ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள். திரைச்சீலைக் கயிறு, மொபைல் சார்ஜர் ஒயர், பிளக் பாயிண்ட் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. சுவரில் மாட்டின படமும் கட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம், சாமி படமானாலும் சரி.

கட்டில் வருவதற்கு முன்னாலேயே குழந்தை வந்துவிட்டதே, என்ன செய்தீர்கள் என்பீர்கள். பதறவே இல்லை. தரையில் பாய் போட்டு, அம்மாவுக்கு ஒரு படுக்கை, அதை ஒட்டிக் குழந்தைக்குத் தனியாக ஒரு கெட்டி மெத்தை. ஐந்து வாரம் அப்படியே தூங்கிற்று. கையில் பணம் இல்லாதவர்கள் கட்டில் வாங்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. சமமாக, கெட்டியாக, தனியாக, தலையணை இல்லாமல் இருந்தால் தரையே போதும். பூச்சி பொட்டு வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

மூன்றாம் மாதம் கட்டிலைக் கழற்றி, சாமான் வேனில் ஏற்றி, அத்தானும் நானும் கூடவே மெட்ராஸ் போனோம். போல்ட், நட்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஆசாரி அடையாளத்துக்காகச் சட்டங்களில் பென்சிலால் எண் போட்டுக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையே அரைமணி நேரத்தில் மாட்டிவிட்டார். சம்பந்தியம்மா வந்து மேல்சட்டத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்கள். கட்டில் அசையவில்லை. "ஆட்டமில்லை" என்றார்கள். பிறகு காப்பி போடப் போய்விட்டார்கள்.

இப்போது குழந்தை உட்கார ஆரம்பித்துவிட்டதாக நேற்றுப் போன் வந்தது. உடனே அடிப்பலகையைக் கீழ்த்துளைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பிடித்து நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் காலையில் அதுபாட்டுக்கு நின்றுகொண்டு எட்டிப் பார்க்கும். மாசத்துக்கு ஒரு முறை போல்ட்டுகளை முடுக்க வேண்டும், அதை மாப்பிள்ளை பொறுப்பில் விட்டிருக்கிறது. குழந்தை மூன்றடி உயரத்தை நெருங்கினாலோ, அழியில் காலைத் தூக்கிப் போட்டாலோ கட்டில் வேலை முடிந்தது. பிறகு அது என் சின்ன நாத்தனார் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. அங்கே இன்னும் விசேஷம் எதுவும் இல்லை, ஆனாலும் முன்பதிவு செய்துவிட்டாள்!

கொசுவலையைப் பற்றியும் வாசகி கேட்டிருந்தார். குடை வலையா, கட்டில் மேல் கட்டுகிற வலையா என்பது தனிக் கதை. இந்தத் தடவை இடமில்லை, அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை எந்த வலையானாலும் குழந்தையின் முகத்தில் படியாமல் இழுத்துக் கட்டியிருக்கட்டும்.